கோழித் தலை திரும்பிய பக்கம்

வருடக் கடைசி விருந்துக்குச் சியூலியன் புது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனாள். பாசிப்பச்சை நிறம். ஐம்பத்து நான்கு வயதில் இதெல்லாம் தேவையா என்று கடைக் கண்ணாடி முன்னால் நின்று யோசித்தாள்தான். ஆனால் இப்போதெல்லாம் அவள் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். அதற்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினால் குற்றமில்லை.

லூகாங் ஊருக்கு வெளியே, குளிர்காலக் கடல்காற்று ஸ்கூட்டரையே தள்ளிக்கொண்டு போகிற சாலையில் இருக்கிறது அவள் வேலை செய்யும் குழாய்த் தொழிற்சாலை. குளியலறைக் குழாய்கள் பெட்டியில் அடைபட்டதிலிருந்து கப்பல் ஏறும்வரை உள்ள காகித வேலை முழுக்க அவள் கையில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபிறகு வீட்டில் பேச ஆள் இல்லை. தம்பி தாவ்யுவான் நகரத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். போனில் பேசினால் ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி மட்டும் பேசுவான். ஆகவே அவளுக்கு மனிதர்கள் என்று இருந்தவர்கள் தொழிற்சாலைக்காரர்கள்தான். இதை ஒப்புக்கொள்ள அவள் வெட்கப்பட்டதில்லை.

பழைய முதலாளி ஷி இருந்தவரை அங்கே பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. மதியம் மணியடித்தால் அலுவலகமும் பட்டறையும் ஒன்றாகப் போய் வட்ட மேசைகளில் உட்காரும். சமையல்காரம்மா ஒரு குண்டானில் சூப்பைக் கொண்டுவந்து நடுவில் வைப்பாள். மாதம் இரண்டு முறை நிலத்தெய்வத்துக்குப் படையல். ஊதுபத்தி அணைவதற்குள் பிஸ்கட் பொட்டலங்களில் பாதி காணாமல் போயிருக்கும். ஷி ஒன்றும் பெரிய நல்லவர் இல்லை. கஞ்சன். கெட்ட வார்த்தை கலக்காமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. அவருடைய அறைக்கு இரும்புக் கதவு, அது எப்போதும் சாத்தியே இருக்கும். ஆனால் பட்டறை மேஸ்திரி குன்னுக்குக் கோபம் வந்தால் அந்தக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு உள்ளே போவான். இரண்டு பேரும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார்கள். பிறகு ஒரே பொட்டலத்துப் பாக்கை மென்றுகொண்டு வெளியே வருவார்கள்.

விருந்தில் அவருக்கென்று ஒரு வேடிக்கை உண்டு. வேலையைவிட்டு அனுப்ப நினைக்கிற ஆள் பக்கம் முதலாளி, மேசைக்கு முழுசாக வரும் கோழியின் தலையைத் திருப்பி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. மூஞ்சியில் அடித்த மாதிரி இருக்காது. சாப்பிட்டுக் கைகழுவி, அந்த ஆளாகவே விலகிக்கொள்ள வேண்டும். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, ஹோட்டல்காரர்களே தலையை இறக்கைக்கடியில் செருகி ஒளித்துவிடுகிறார்கள். ஷி மட்டும் தலை நன்றாகத் தெரிய வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். கோழி வந்ததும் எழுந்து தட்டைச் சுழற்றித் தலையைத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டு, “இந்த வருஷமும் இது என்னைத்தான்டா வெளிய அனுப்புது. போய்த் தொலையறேன்” என்பார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்கள்.

ஒரு வருடம் அந்த வேடிக்கை நிஜமாகிப் போனது. தொழிற்சாலையை ஒரு சிங்கப்பூர்க் கம்பெனிக்கு விற்றுவிட்டு, வான்கூவரில் பல் டாக்டராக இருக்கும் மகனிடம் போய்ச் சேர்ந்துவிட்டார் ஷி.

புது மேலாளராக மெல்வின் குவெக் வந்தார். சிங்கப்பூர்ச் சீனர், நாற்பது வயதுகூட ஆகவில்லை. முகம் நம் முகம், பேச்சும் ஏறக்குறைய நம் பேச்சு, கொஞ்சம் இழுவை மட்டும் வேறு. அதனால் நம் வழக்கமெல்லாம் அவருக்கும் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் வந்திருந்தால் உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

மெல்வின் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. “சார் எல்லாம் வேண்டாம், மெல்வின்னே கூப்பிடுங்க” என்றார். இரும்புக் கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டார். அது எப்போதும் திறந்தே இருந்தது. யாரும் உள்ளே போகவில்லை. சமையல்காரம்மாவுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். சாப்பாடு டப்பாவில் வந்தது, மூன்று பிரிவாக மூன்று நேரத்தில் சாப்பிட்டார்கள். காப்பீட்டுக்காரர்கள் ஊதுபத்தி கூடாது என்றதால் நிலத்தெய்வம் காவலாளி அறைக்குக் குடிபோனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கலந்து பேசிப் பழகட்டும் என்று பீட்சா வரவழைத்தார். ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு அவரவர் கணினிக்கே திரும்பிப் போனார்கள். சம்பளம் ஏறியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஓட்டுநர் போனார், கிடங்கில் இரண்டு பேர் போனார்கள். அடுத்தது யார் என்கிற கேள்வி ஒவ்வொருவர் தொண்டையிலும் முள்ளாக நின்றது. அதை வெளியே எடுக்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

சியூலியனுக்கு மிச்சமிருந்தது பக்கத்து மேசைப் பெய்ரோங் மட்டும். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். மூன்று மணிக்குக் கடைக்குப் போன் செய்து எல்லோருக்கும் டீ சொல்வது அவள் வேலை. சியூலியனைக் கேட்கவே மாட்டாள். அரைச் சர்க்கரை, ஐஸ் இல்லாமல், தானாக வந்துவிடும். வருகிற டீயைவிட அந்தக் கேட்காமல் சொல்வதுதான் சியூலியனுக்குப் பிடித்தது.

விருந்தன்று முதல் மேசையில் மெல்வின், குன், பெய்ரோங், கணக்குப் பிரிவுக்காரர்கள், நடுவில் புது ஸ்வெட்டரோடு சியூலியன். மீன் வந்த வேகத்தில் காலியானது. அடுத்தது கோழி. ஹோட்டல்காரருக்குப் பழைய முதலாளியின் ஏற்பாடு மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. தலையை நிமிர்த்தி, கொண்டை சரியாமல் வைத்து அனுப்பியிருந்தார். அது யாரையும் பார்க்காமல் இரண்டு நாற்காலிக்கு நடுவே நின்றது. குன் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்தான். பழைய சிரிப்பு அவன் வாய்வரை வந்து காத்திருந்தது.

மெல்வின் எழுந்தார். தட்டின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்து மெதுவாகத் திருப்பினார். தலை கணக்குப் பிரிவைத் தாண்டியது, குன்னைத் தாண்டியது, பெய்ரோங்கைத் தாண்டியது. சியூலியனுக்கு நேராக வந்ததும் கையை எடுத்தார்.

“லியன் அக்கா,” என்று கோப்பையை உயர்த்தினார். “இத்தனை வருஷமா இந்தக் கம்பெனிக்காக எவ்வளவோ செஞ்சிருக்கீங்க. எல்லார் சார்பாவும் ரொம்ப நன்றி.”

மெல்வினே கைதட்ட ஆரம்பித்தார். தட்டாமல் இருந்தால் கண்ணில் படுமே என்று மற்றவர்களும் தட்டினார்கள். சியூலியன் எழுந்து, தலை தாழ்த்தி, கோப்பையைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்தாள். ஸ்வெட்டர் கழுத்து அரித்தது. மெல்வின் தன் கையாலேயே ஒரு தொடைத்துண்டை அவள் கிண்ணத்தில் வைத்தார். எப்போதும் இறாலை உரித்து அவள் கிண்ணத்தில் போடும் பெய்ரோங் அன்று தன் நாற்காலியை ஒரு விரல்கடை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டாள். தெரிந்து செய்திருக்க மாட்டாள். தெரியாமல் செய்ததுதான் சியூலியனுக்கு அதிகம் வலித்தது.

மறுநாளிலிருந்து அவள் கடிதத்துக்குக் காத்திருந்தாள். வரவில்லை. அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டார், நான்தான் விலகிக்கொள்ள வேண்டும், அதைப் போய்க் கேட்டுக்கொண்டு நிற்பது மானங்கெட்டவர்கள் செய்கிற வேலை என்று நினைத்தாள். புத்தாண்டு விடுமுறைவரை ஓட்டிவிடலாம், கைவேலைகளை ஒழுங்காக ஒப்படைத்துவிடலாம். எந்தத் துறைமுகத்துக்கு என்ன சான்று, எந்த வாடிக்கையாளர் எதற்குக் கோபித்துக்கொள்வார் என்று ஒவ்வொன்றாகப் பெய்ரோங்குக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெய்ரோங் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டாள். “ஏன்க்கா எனக்குச் சொல்றீங்க” என்று அவள் ஒரு முறை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

மெல்வின் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தார். “எல்லாத்தையும் பெய்ரோங்குக்குச் சொல்லித்தரீங்களாமே. நான் கேட்காமலேயே செய்றீங்க. ரொம்ப சந்தோஷம்.”

சந்தோஷமாமே. சியூலியன் அன்று கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தங்கள் கம்பெனிக் குழாய். சத்தம் சரியாக இல்லை, உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று அழுகைக்கு நடுவிலும் தோன்றியது.

மற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளைக் கண்டால் என்ன பேசுவது என்று தெரியவில்லை, அதனால் காணாமல் இருந்தார்கள். அவள் வந்தால் பேச்சு நிற்கும். அவள் போனில் அலுவலகச் செய்திக் குழு சத்தமே இல்லாமல் கிடந்தது. ஆனால் சுற்றிலும் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் முனகியது. அவள் இல்லாத இன்னொரு குழு எங்கோ தொடங்கியிருந்தது. குன், “அக்கா சாப்டியா” என்று தினமும் கத்துகிறவன், அவளைக் கண்டால் கையிலிருக்கும் ஸ்பானரை உற்றுப் பார்த்தான். ஒரு நாள் மூன்று மணிக்கு டீ வந்தது. பையைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்து முடித்த பெய்ரோங், காலிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “ஐயோ அக்கா, நீங்க வேண்டாம்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்.”

“வேண்டாம்தான்டி. வயிறு சரியில்ல,” என்றாள் சியூலியன்.

அதன் பிறகு டீ வரவில்லை.

மதியச் சாப்பாட்டை அவள் பட்டறைப் பின்பக்கம் சோதனைத் தொட்டியருகே எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். குழாய்க்குள் காற்றை அடைத்துத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கிற தொட்டி. மதியம் அங்கே ஆள் இருக்காது. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றையும் சோயாவில் வெந்த முட்டையையும் தின்பாள். தகரக் கூரையைக் காற்று பிய்க்கப் பார்க்கும். அந்தச் சத்தம் நன்றாக இருந்தது. யாரோ வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருப்பது போல, பழைய முதலாளி பக்கத்து அறையில் இருப்பது போல இருந்தது.

விடுமுறைக்கு முந்தைய நாள், எல்லோரும் மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்தத் திறந்த கதவுக்குள் போனாள். தானாக அதற்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் அவள்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் துடைத்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன.

மெல்வின் படித்தார். மறுபடி படித்தார். “என்ன இது? வேற கம்பெனியில கூப்பிட்டாங்களா?”

“இல்ல.”

“சம்பளமா?”

“இல்லீங்க. நீங்க சொன்னதுதானே.”

“நான் என்ன சொன்னேன்?”

சியூலியனுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளில் முதல் தடவை. “விருந்துல கோழித் தலைய என் பக்கம் திருப்பி வச்சீங்களே. நன்றின்னும் சொன்னீங்க. இன்னும் வாயால வேற கேட்டு வாங்கணுமா நான்?”

மெல்வினின் முகத்தில் ஒன்றுமே இல்லை. சுவரைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்த மனுஷனுக்குத் தெரியாது.

அவள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் நாற்காலியில் சரிந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“எங்க வீட்ல மீன் தலைய யார் பெரியவங்களோ அவங்க பக்கம் திருப்பி வைப்போம்,” என்றார் கைகளுக்குள்ளிருந்து. “மரியாதைக்கு. அன்னிக்கு நான் எழுந்திருக்கறதுக்குள்ள மீன் காலியாயிடுச்சு. சரி, கோழியில செய்வோம்னு நெனச்சேன். இங்க ரொம்ப வருஷம் இருக்கறவங்க நீங்கதான்னு ஃபைல்ல பார்த்திருந்தேன். என்ன சொல்றதுன்னு முந்தின நாள் ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பார்த்தேன் அக்கா.”

சியூலியனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆனது. அவர் டிஷ்யூ பெட்டியை நகர்த்திவைத்தார்.

“ஆனா மேசையில அத்தனை பேர் இருந்தாங்களே,” என்றார் மெல்வின். “ஒருத்தர்கூடவா எங்கிட்ட வந்து சொல்லல? கதவு திறந்துதானே இருக்கு.”

“திறந்துதான் இருக்கு.”

“அப்புறம் ஏன்?”

“அந்தக் காலத்துல கதவு சாத்தி இருக்கும். உதைச்சா திறக்கும்,” என்றாள் அவள். “இத யாரு உதைப்பாங்க, கண்ணாடி.”

அவர் அதைப் புரிந்துகொண்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடிதத்தை நான்காகக் கிழித்தார். நல்ல மனசு, அவசரக்கார மனசு. அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச்சொல்ல அவளை வெளியே அழைத்துவந்து அலுவலகத்தின் நடுவில் நிறுத்தி, பட்டறை ஆட்களையும் கூப்பிட்டு, கோழியும் மீனும் கலந்த கதையைச் சொல்லித் தன்னையே கிண்டல் செய்துகொண்டார். மூன்று முறை மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கட்டிடத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பு கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பெய்ரோங் அழுதுகொண்டே அவளைக் கட்டிக்கொண்டாள். “நான் எவ்ளோ வருத்தப்பட்டேன் தெரியுமாக்கா. ராத்திரியெல்லாம் நெனச்சுக்கிட்டே இருப்பேன்.”

“எனக்கு எப்படிடி தெரியும்,” என்றாள் சியூலியன், அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி.

மூன்று மணிக்கு டீ வந்தது. அரைச் சர்க்கரை, ஐஸ் இல்லாமல். கோப்பையின் மேல் பெய்ரோங் பேனாவால் ஒரு கோழி வரைந்திருந்தாள். சுற்றிலும் எல்லோரும் அதைப் பார்த்து மறுபடி சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாக்கில் பட்ட டீ அதே டீதான். ஆனால் இது முன்போலத் தானாக வந்தது இல்லை, அத்தனை பேர் பார்க்க வந்தது.

சாயங்காலம் மறந்துவைத்த சாப்பாட்டு டப்பாவை எடுக்கத் தொட்டிப் பக்கம் போனபோது, குன் அங்கே வாய்க்குள் பாக்கை அடக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

“திட்டணும்னா திட்டிடு அக்கா,” என்றான்.

“திட்ட என்ன இருக்கு. ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லு. அன்னிக்குத் தலை ஒன்னைத் தாண்டி எங்கிட்ட வந்து நின்னுச்சே. என்ன நெனச்ச?”

குன் பொய் சொல்லத் தெரியாதவன். அவனிடம் அவள் கேட்டதே அதனால்தான்.

“அப்பாடா, நான் இல்லன்னு நெனச்சேன்,” என்றான். “அன்னிக்கு ராத்திரிதான் நல்லா தூங்கினேன். ஆறு மாசமா தூக்கமே இல்ல எனக்கு.”

அவள் தலையாட்டினாள். “ஒம் பக்கம் நின்னிருந்தா நானும் தூங்கியிருப்பேன்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. முகம் தெளிந்து, பாக்கைத் துப்பிவிட்டு, புத்தாண்டுக்கு எங்கே போகிறாய், தம்பி வீட்டுக்கா என்று விசாரிக்க ஆரம்பித்தான். மன்னிப்பில்லை அது. உண்மையை உண்மை என்று சொன்னாள், அவ்வளவுதான். முதலாளி அவளை அனுப்பவே இல்லை. அனுப்பியது இவர்கள். ஆளுக்கு ஒரு விரல்கடை நாற்காலியை நகர்த்தியே அனுப்பிவிட்டார்கள். நேற்றுவரை அவளுக்குப் பழிசொல்ல மெல்வின் என்று ஒருவர் இருந்தார். இப்போது அதுவும் இல்லை.

விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய அன்று கம்பெனி சிவப்பு மேசைவிரிப்பு போட்டிருந்தது. மெல்வின் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, காவலாளி அறையிலிருந்து நிலத்தெய்வத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தார், மின்சார ஊதுபத்தியோடு. மதியம் ஒரு நாளைக்காவது எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடட்டும் என்று அவரே சொன்னாராம். பழைய வட்ட மேசைகள் துடைத்துப் போடப்பட்டன, டப்பாக்களோடு ஒரு குண்டான் சூப்பும் வரவழைத்திருந்தார்கள். பெய்ரோங் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் பையை வைத்து இடம்பிடித்தாள்.

சியூலியன் டப்பாவை எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம்தான் போக நினைத்தாள், சத்தியமாக. கால் பட்டறைப் பின்பக்கம் கொண்டுபோய் விட்டது. பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். தகரக் கூரை மேல் காற்று திட்ட ஆரம்பித்தது.

“லியன் அக்கா, எங்க போயிட்டீங்க?” பெய்ரோங்கின் குரல் நடைபாதையிலிருந்து வந்தது. “ஒங்களுக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. சூப் ஆறுது.”

“இதோ வர்றேன்டி,” என்று குரல் கொடுத்தாள் சியூலியன். குரல் நன்றாகத்தான் இருந்தது, பழைய மாதிரியே. டப்பாவைத் திறந்தாள். முட்டையைப் பாதியாகப் பிட்டு, ஒரு பாதியைச் சோற்றோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.